பௌதிக ஆராய்ச்சிக்குப் புறப்படும் பிள்ளைக்கு

உத்தியோகத்துக்குப் போகும் பிள்ளைக்குப் புத்தி சொல்ல ஊரில் நூறு பேர் உண்டு. கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைக்குச் சொல்ல அதனினும் அதிகம் பேர் உண்டு. ஆனால் பௌதிக நூலில் டாக்டர் பட்டம் பெற ஆராய்ச்சிக்குப் புறப்படும் பிள்ளைக்கு யோசனை சொல்ல நம் தோட்டப்புறங்களில் எத்தனை பேர் இருக்கின்றனர்? "டாக்டர் படிப்பா? எந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும்?" என்று அன்போடு விசாரிப்பவரே மிகுதி. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு வழியே போனவர் இல்லாத இடத்தில் அவ்வழியைச் சொல்பவர் எங்கிருந்து வருவர்?

நாம் அவ்வழியே பாதி தூரம் போய்த் திரும்பினோம். இப்போது ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கிறோம். காலைப் பெரட்டில் பெயர் பதிவதும், வெட்டிய குலைகளின் எண்ணிக்கையையும் உதிரிப் பழத்தின் எடையையும் கணக்கில் ஏற்றுவதும், மாத முடிவில் சம்பளப் பட்டியல் போடுவதுமே நம் தொழில். தோற்றவன் பேச்சு அம்பலம் ஏறுமா என்று அன்பர்கள் கேட்கலாம். வழுக்கி விழுந்தவனுக்கே வழுக்குப் பாறை எதுவென்று தெரியும் என்பதே நம் விடை.

இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் தமக்கையார் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். கணவரை இழந்தவர், தோட்டத்து நாற்றங்காலில் செம்பனைக் கன்றுகளுக்கு நீர் விட்டும் எருவிட்டும் இரு பிள்ளைகளை வளர்த்தவர். மகள் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறியவள். அவள் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று பினாங்கு பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. உடனே வேலை, உடனே சம்பளம். மற்றொன்று சிங்கப்பூரிலுள்ள ஒரு சர்வகலாசாலையிலிருந்து வந்தது. நான்கு ஆண்டு ஆராய்ச்சி, டாக்டர் பட்டம். பத்து நாளில் இரண்டுக்கும் பதில் எழுத வேண்டும்.

தமக்கையார் சொன்னார்: "தம்பி, பிள்ளை ஆசைப்படுகிறாள், எனக்குத் தெரிகிறது. ஆனால் உன் கதையை நான் மறக்கவில்லை. அப்பா படுக்கையில் விழுந்தார், உன் படிப்பு நின்றது. நாளைக்கு நான் படுத்துவிட்டால் இவளுக்கும் அதே கதிதானே? பாதியில் விட்டு வருவதைவிட இப்போதே வேலைக்குப் போவது மேல் அல்லவா? நீயே சொல்."

அவர் பேச்சில் குற்றம் இல்லை. அவர் நம்பிய செய்தியில்தான் குற்றம் இருந்தது. அச்செய்தியைப் பரப்பியவர் நாமே.

பத்தாண்டுகளுக்கு முன் நாமும் பௌதிகத்தில் பட்டம் பெற்று, ஒரு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராய்ச் சேர்ந்தோம். 2003-ல் நாம் முதலாம் படிவத்தில் சேர்ந்த ஆண்டிலேயே கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கத் தொடங்கியிருந்தனர். ஆதலால் ஆங்கில நூல்களைப் படிப்பதில் நமக்குத் தடை இருந்ததில்லை. முதல் தவணைக் கட்டணத்துக்குத் தமக்கையார் தம் கழுத்துச் சங்கிலியை விற்றுப் பணம் தந்தார். ஒன்றரை ஆண்டு கழித்து நாம் திரும்பி வந்தோம். தந்தையாரின் நோயே காரணம் என்று எல்லாரிடமும் சொன்னோம், எல்லாரும் நம்பினர். சிலர் தந்தைக்காகப் படிப்பைத் துறந்த மகன் என்று நம்மைப் புகழவும் செய்தனர். அப்புகழையும் நாம் வாங்கிக்கொண்டோம்.

உண்மை வேறு. தந்தையார் நோயுற்ற செய்தி வருவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே நாம் பெட்டியைக் கட்டிவிட்டிருந்தோம். அந்த மூன்று வாரமும் அறையைவிட்டு வெளியே போகாமல், வீட்டுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் படுத்துக் கிடந்தோம். நோய்ச் செய்தி நமக்கு ஒரு மறைவிடமாய் வந்து சேர்ந்தது. தந்தையின் நோயால் துயருற்றோம். அதே கணத்தில் ஒருவித ஆறுதலும் அடைந்தோம். இதை எழுதும்போது இன்றும் நம் கை கூசுகிறது.

நாம் சொன்ன பொய், அன்று ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை என்றே எண்ணியிருந்தோம். இப்போது அதே பொய் ஒரு பிள்ளையின் வழியில் குறுக்கே கிடந்தது. ஆதலால் அந்த மாலையில் தமக்கையிடமும் அவர் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னோம். சங்கிலியையும் குறிப்பிட்டோம்.

தமக்கையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சங்கிலியை இப்போது யார் கேட்டது? இவளுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பார்கள், அது நிற்காமல் வருமா, அதைச் சொல்" என்றார். அன்றிரவு வேறு எதுவும் அவர் நம்மோடு பேசவில்லை. ஆனால் பத்து நாளும் மகளை நம் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்நாட்களில் அவளுக்குச் சொன்னவற்றையே இங்கே வரிசைப்படுத்துகிறோம். வேறு பிள்ளைகளுக்கும் பயன்படலாம்.

முதலாவது, தமக்கையார் கேட்ட கேள்வியே முதற்கேள்வி: பணம். பௌதிகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவர் படிக்கும் மாணவர் மட்டும் அல்லர்; உழைப்பவரும் ஆவர். அவர் உழைப்பால் சர்வகலாசாலைக்கு அறிவும் பெயரும் சேருகின்றன. ஆதலால் நல்ல இடங்கள் பலவற்றில் கல்விக் கட்டணத்தைத் தாமே ஏற்று, மாதந்தோறும் உபகாரச் சம்பளமும் தருகின்றனர். கைப்பணம் கொட்டிச் சேர வேண்டிய இடமானால், பத்து முறை யோசித்தே சேர வேண்டும். உபகாரச் சம்பளம் எத்தனை ஆண்டுக்கு உறுதி? ஆராய்ச்சி நீண்டால் எவர் தருவர்? எந்தப் பரீட்சையில் தவறினால் அது நிற்கும்? முடித்தபின் இத்தனை ஆண்டு இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற கட்டு உண்டா? இந்த நான்கையும் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்பதில் அவமானம் இல்லை. கேளாமல் போய்ப் பாதியில் பட்டினி கிடப்பதே அவமானம்.

கால அளவும் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிப்பது வழக்கம். சேர்ந்த நாளிலிருந்தே ஆராய்ச்சிதான். அமெரிக்காவில் முதலில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு வகுப்புப் பாடமும் தகுதிப் பரீட்சையும் உண்டு. முழுவதும் முடிய ஐந்தாறு ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். எதில் சேருகிறோம் என்று தெரிந்து சேர்ந்தால், மூன்றாம் ஆண்டில், "இன்னும் முடியவில்லையா?" என்று உறவினர் கேட்கும்போது மனம் உடையாது.

இரண்டாவது, ஆசிரியரைத் தேர்ந்துகொள்ளல். இதுவே எல்லாவற்றிலும் பெரிது. நாம் வழுக்கிய பாறையும் இதுவே. ஆராய்ச்சிப் பொருளின் கவர்ச்சியைக் கண்டும், பேராசிரியரின் பெயர்ப் பெருமையைக் கண்டும் நாம் ஒருவரிடம் சேர்ந்தோம். அவருக்கு மாணவர் பதினொருவர். மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் அவரைக் காணலாம். அதுவும் பல மாதங்களில் தவறும். அவர் கெட்டவர் அல்லர், நேரமில்லாதவர். நேரமில்லாத நல்லவரால் புது மாணவருக்குப் பயன் இல்லை. சேருமுன் அவருடைய பழைய மாணவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். நாம் கேட்கவில்லை.

ஆதலால் பிள்ளைக்குச் சொன்னோம்: உன்னை ஏற்க முன்வரும் பேராசிரியரிடம் இப்போது பயிலும் மாணவர் இருவர் மூவருக்கு எழுது. வாரத்துக்கு எத்தனை முறை அவரைக் காண்கிறீர்கள்? தவறு செய்தால் எப்படி நடத்துகிறார்? இதுவரை பட்டம் பெற்றோர் எத்தனை பேர், எத்தனை ஆண்டில் பெற்றனர்? பாதியில் போனவர் உண்டா, ஏன் போயினர்? இவற்றைக் கேள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி மூன்று ஊரில் விசாரிக்கிற நம் சமூகம், நான்கு ஆண்டு ஒரு பிள்ளையின் அறிவை ஒப்படைக்கும் ஆசிரியரைப் பற்றி விசாரிக்கத் தயங்கலாமா?

மூன்றாவது, எவ்வகைப் பௌதிகம் என்பது. சூத்திரங்களோடு தனியே மேசையில் அமர்ந்து செய்யும் ஆராய்ச்சி ஒன்று; ஆராய்ச்சிக் கூடத்தில் கருவிகளைப் பூட்டிப் பிரித்துச் செய்வது ஒன்று; பெருங் கணினிகளில் கணக்கிட்டுச் செய்வது ஒன்று. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து செய்வதும் உண்டு. ஜெனீவாவுக்கு அருகே சேர்ன் கூடத்தில் 2012-ல் கண்ட ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-ல் வெளியான ஒரு கட்டுரைக்கு ஆசிரியர் 5,154 பேர்! எதில் புகழ் அதிகம் என்று கேட்பது வீண். நாள்தோறும் எந்த வேலையைச் சலிப்பின்றிச் செய்ய இயலும் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் தனிமை தாங்காத சுபாவமுடையோம். ஆயினும் தனிமைக்குரிய துறையைத் தேர்ந்தோம்.

நம் பிள்ளை தேர்ந்தது அணுக்களைக் குளிர்விக்கும் துறை. தமக்கையார் இதைக் கேட்டு, "அணுவைக் குளிர வைத்து யார் குடிக்கப் போகிறார்கள்?" என்றார். பிள்ளையே விளக்கினாள். நாம் இருக்கும் அறையில் காற்றின் மூலக்கூறுகள் மணிக்குச் சுமார் 1,700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு வேகமாய் ஓடும் பொருளை நின்று ஆராய முடியாது. எதிர்த்திசையிலிருந்து லேசர் ஒளியைத் தக்க நிறத்தில் செலுத்தினால், ஒளியே அணுக்களைத் தடுத்துத் தடுத்து வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைவதுதான் குளிர்ச்சி. 1985-ல் ஸ்டீவன் சூ என்பவரும் அவர் கூட்டத்தாரும் இவ்வாறு அணுக்களைப் பூஜ்யத்துக்கும் கீழே 273 டிகிரியளவில் உள்ள முடிவான குளிர்நிலைக்கு மிக அருகே, ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்தில், கொண்டு நிறுத்தினர். இத்துறைக்காக 1997-ல் அவரும், குளோட் கோஹன் தனூஜியும், வில்லியம் பிலிப்ஸும் நோபெல் பரிசு பெற்றனர். குளிர்ந்த அணுக்களைக் கொண்டு மிக நுட்பமான கடிகாரங்கள் செய்யலாம். 1967 முதல் உலகத்தார் ஒரு விநாடி என்று வைத்திருப்பதே, சீசியம் என்னும் அணுவோடு தொடர்புடைய கதிரின் 9,192,631,770 அதிர்வுகளின் காலந்தான். குலை ஏற்றும் லாரிக்காரர் கைப்பேசியில் வழி பார்க்கிறாரே, அந்த வழியைச் சொல்லும் விண்கலங்களில் இருப்பவையும் அணுக் கடிகாரங்களே. இவ்வளவையும் கேட்ட தமக்கையார், "அப்படியானால் உபயோகமானதுதான்" என்று ஒப்பினார்.

நான்காவது, அறியாமையைக் கண்டு அஞ்சாதிருத்தல். பட்டப் படிப்பு வரை கேள்விகளுக்கு விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஆராய்ச்சியிலோ விடை எங்கும் இல்லை. அதனாலேதான் அது ஆராய்ச்சி. வகுப்பில் என்றும் முதலாக வந்த பிள்ளைக்கு இது பேரிடியாய் விழும். வாரந்தோறும் கருத்தரங்கில் உட்காருவோம். பேசுபவரின் பத்து வாக்கியத்தில் ஒன்று புரியும். சுற்றியிருப்போர் அனைவரும் தலையசைப்பர். நாமும் தலையசைத்தோம். ஒன்றரை ஆண்டு தலையசைத்தே கழித்தோம். நாம் தோற்றது அறிவுக் குறைவால் அன்று. "எனக்கு இது விளங்கவில்லை" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாய் வராமையால். தோட்டத்துப் பிள்ளை, லயத்திலிருந்து வந்தவன், கேட்டால் நகைப்பார்களோ என்று நினைத்தோம். பின்னாளில், நம்மோடிருந்த ஒருவரை ஊரில் சந்தித்தபோது அவர் சொன்னார், தமக்கும் ஒன்றும் புரிந்ததில்லை என்று!

கட்டுரை படிப்பதற்கும் முறை உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரையைக் கதைப்புத்தகம் போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டினால் தலை சுற்றும். முன்னுரையையும் படங்களையும் முடிவுரையையும் முதலில் பார். என்ன கேட்டனர், என்ன கண்டனர் என்று உன் சொல்லில் நான்கு வரி எழுது. தேவையானால் மட்டும் உள்ளே இறங்கு. 1991-ல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் களஞ்சியத்தில் பௌதிகக் கட்டுரைகளை எவரும் காசின்றிப் படிக்கலாம். தோட்டத்து வீட்டிலிருந்தே படிக்கலாம். இந்த வசதியில் கேம்பிரிட்ஜ் மாணவருக்கும் நம் லயத்து மாணவருக்கும் வேற்றுமை இல்லை.

ஐந்தாவது, குறிப்பேடு. இது கிராணியின் பேச்சு என்று நகைத்தாலும் நகைக்கலாம். செய்தது, கண்டது, தவறியது எல்லாவற்றையும் அன்றன்றே, தேதியோடு, பக்க எண்ணிட்ட ஏட்டில் எழுத வேண்டும். தவறாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடிக்கலாமே ஒழியக் கிழிக்கலாகாது. "பிறகு எழுதலாம்" என்று விட்ட குலைக்கணக்கு ஒருநாளும் சரிவந்ததில்லை என்பதைத் தோட்டத்தில் கற்றோம். இதை ஆராய்ச்சி செய்தபோதே கற்றிருந்தால், நம் ஒன்றரை ஆண்டு உழைப்பு உதிரித் தாள்களாய்ச் சிதறியிராது.

இதற்கு ஓர் உதாரணம் உலகறிந்தது. வட அயர்லாந்தில் பிறந்த ஜோஸ்லின் பெல் என்னும் பெண், 1965-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாய்ச் சேர்ந்தார். தாம் அவ்விடத்துக்குத் தகுதியற்றவர், எப்படியும் வெளியே அனுப்பிவிடுவர் என்ற அச்சம் அவரை வாட்டியது. இதைப் பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வெளியேற்றும் நாள் வரை ஒரு குறையும் வைக்காமல் உழைப்பது என்று அவர் தீர்மானித்தார். முதல் இரண்டு ஆண்டும் மற்றவரோடு சேர்ந்து சுமார் நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்பங்களை நாட்டிக் கம்பி இழுத்து ஒரு வானொலித் தொலைநோக்கியைக் கட்டினார். நாலரை ஏக்கர் என்றால் எவ்வளவு என்று நம் தோட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1967-ல் அது இயங்கத் தொடங்கியதும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 அடி நீளத் தாளில் கோடுகளாய் விழுந்த பதிவைத் தம் கண்ணாலேயே பார்த்துக் குறித்து வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், நூற்றுக்கணக்கான அடித் தாளில் கால் அங்குல இடத்தை மட்டும் பிடித்த ஒரு சிறு கிறுக்கல், வழக்கமான எதிலும் சேராமல் இருப்பதைக் கண்டார். முன்பும் இதை எங்கோ பார்த்தோமே என்று ஏட்டைத் திருப்பினார். வானத்தில் அதே இடத்தில் அது முன்பும் வந்திருந்தது. நவம்பரில் தாளை வேகமாய் ஓடவிட்டுப் பதிந்தபோது, விநாடி 1.3-க்கு ஒரு முறை தவறாமல் துடிக்கும் துடிப்பு என்று தெரிந்தது. பல்சார் என்னும் புதுவகை நட்சத்திரம் இவ்வாறே உலகுக்குத் தெரிந்தது.

1974-ல் நோபெல் பரிசு அவருடைய ஆசிரியர் ஆன்டனி ஹூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போயிற்று. மாணவிக்குப் பங்கு இல்லை. ஆனால் 2018-ல் அவருக்கு 30 லட்சம் டாலர் கொண்ட ஒரு பெரும் பரிசு கிடைத்தபோது, அம்முழுத் தொகையையும் பௌதிக ஆராய்ச்சியில் இதுவரை அதிகம் இடம்பெறாத பிரிவினரிலிருந்து வரும் மாணவருக்கு உபகாரச் சம்பளமாய் அளித்துவிட்டார். தகுதியில்லை என்று அஞ்சியவர், தம்மைப் போல் அஞ்சுவோருக்கு வழி திறந்தார். இதைக் கேட்ட நம் பிள்ளை, ஆபீசில் பயன்படாமல் கிடந்த பழைய கணக்கேடு ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். துரையிடம் அனுமதி பெற்று, பக்க எண் அச்சிட்ட ஏடு ஒன்றைக் கொடுத்தோம்.

ஆறாவது, எழுத்தும் கணினியும். கருவி செய்பவராயினும் சூத்திரம் செய்பவராயினும் கணினிக்கு நிரல் எழுதத் தெரியாமல் இக்காலத்தில் பௌதிகம் இல்லை. சேருமுன் உள்ள மாதங்களில் அதைப் பழகுதல் நலம். ஆராய்ச்சி நூலை எழுதுவதைக் கடைசி ஆண்டுக்கு ஒத்திப்போடுவது பெரும்பிழை. வாரம் ஒரு பக்கமேனும் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். குறையோடு காட்டுவதே நன்று. நிறைவானபின் காட்டலாம் என்று நாம் காத்திருந்தோம். நிறைவு வரவே இல்லை.

ஏழாவது வீடு. இதைச் சொல்லும்போது தமக்கையாரும் உடனிருந்தார். சென்னை மாகாணக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ல், தம் 19-ஆம் வயதில், ஆராய்ச்சிக்காகக் கப்பலேறினார். அவர் தாயார் அப்போது நோயுற்றிருந்தார். மகனைத் தடுக்காமல் போகச் சொன்னவர் அந்தத் தாயாரே. கப்பல் பயணத்திலேயே நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய தம் புகழ்பெற்ற கணக்கைச் சந்திரசேகர் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1931-ல், தாயார் மறைந்தார். மகன் கடல் கடந்து இருந்தார். கேம்பிரிட்ஜில் அவர் தனிமையுற்றார். தம் துறை சரிதானா என்று ஐயுற்றார். 1932-ல் கோபன்ஹேகன் போய்ச் சில காலம் தங்கினார். 1933-ல் பட்டம் பெற்றார். 1935-ல் எடிங்டன் என்னும் பெரியவர் அவர் முடிவைச் சபையில் எள்ளினார். 1983-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்ததால் அந்தத் தாயின் இழப்பு சரியாய்ப் போயிற்று என்று நாம் சொல்லமாட்டோம். அது சரியாகாது. நாம் சொல்வது வேறு. வீட்டில் நோய் வரலாம், மரணமும் வரலாம், அவை வேலைக்குப் போகும் பிள்ளையின் வீட்டுக்கும் வரும். பினாங்குக்குப் போனாலும் தாய் தனியேதான் இருப்பார். சிங்கப்பூரோ இரவுப் பேருந்து ஏறினால் விடியலில் இறங்கும் தூரம். துயரம் வந்தால் ஆசிரியரிடம் சொல்லி, முறையாக விடுப்புப் பெற்று வந்து திரும்பலாம். பெரும்பாலான சர்வகலாசாலைகளில் அதற்கு விதி இருக்கிறது. நம் படிப்பை நிறுத்தியது நோய் அன்று. சொல்லாமல் ஒளித்தலே அதை நிறுத்தியது. ஆதலால், கஷ்டம் நேர்ந்தால் மூன்று நாளுக்குள் யாரேனும் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பிள்ளையிடம் வாக்குப் பெற்றோம். யாரும் இல்லையேல் நம்மிடம் சொல். எந்த நேரமானாலும் சொல் என்றோம். தமக்கையார் அப்போதுதான் நம்மை நிமிர்ந்து பார்த்தார். "நீ அன்றைக்கு என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

எட்டாவது, முடித்தபின் என்ன? டாக்டர் பட்டம் பெற்றோர் எல்லாரும் பேராசிரியர் ஆவதில்லை; ஆவோர் சிலரே. இதை முதல் நாளே அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் நுட்பமான கருவியை இயக்கவும், பிழை எங்கே என்று தேடவும், பெருந்திரளான எண்களிலிருந்து உண்மையைப் பிரிக்கவும் கற்றவருக்கு வேறு வாயில்கள் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிகளில் பௌதிகம் கற்றோர் தேவை. நம் பினாங்கிலும் கூலிமிலும் உள்ள சில்லுத் தொழிற்சாலைகளிலும் தேவை. நான்காண்டு கழித்து அக்கதவையே மறுபடி தட்டலாம். ஆராய்ச்சியின் கதவோ, குடும்பமும் கடனும் சேர்ந்தபின் திறப்பது அரிது. அது முடியாதது அன்று, அரிது.

இடையில் விட்டுவருவதும் குற்றமன்று. ஆராய்ந்து பார்த்து, இது என் வழி அன்று என்று தெளிந்து வெளியேறினால் அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. நாம் வெட்கப்படுவது கிராணி ஆனதற்காக அன்று. தோட்டத்துக் கணக்கு ஒரு சதம் பிசகினாலும் ஒரு தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகும். அதைச் சரியாக வைப்பதில் நமக்குப் பெருமையே உண்டு. வெளியேறியதற்கு இன்னொருவர் நோயைக் காரணமாகக் காட்டினோமே, அதற்காகவே வெட்கப்படுகிறோம்.

பத்து நாளில் என்ன நடந்தது என்று அன்பர்கள் கேட்பீர்கள். பிள்ளை மூன்று மாணவருக்கு எழுதினாள். இருவர் விரிவாகப் பதில் எழுதினர். முதலில் அவள் எண்ணியிருந்த புகழ்மிக்க பேராசிரியரை விட்டு, வாரந்தோறும் மாணவரோடு கூடத்தில் நின்று வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்ட வேறொரு ஆசிரியரைத் தேர்ந்தாள். உபகாரச் சம்பளத்தைப் பற்றி நான்கு கேள்வியும் எழுதிக் கேட்டாள். நான்குக்கும் பதில் வந்தது. அதைத் தமக்கையார் மகளைக்கொண்டு இருமுறை தமிழில் சொல்லக் கேட்டார். பின்னர், "எழுது, வருகிறேன் என்று எழுது" என்றார். தொழிற்சாலைக்கும் நன்றி தெரிவித்து மரியாதையாய் ஒரு கடிதம் போயிற்று.

இனி, தாய் தந்தையர்க்கும் உற்றார்க்கும் ஒரு வேண்டுகோள். அப்பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, எப்போது முடியும், எவ்வளவு சம்பளம், எப்போது கல்யாணம் என்ற மூன்று கேள்விகளையும் சற்றே அடக்கிக்கொள்ளுங்கள். "இந்த மாதம் என்ன செய்தாய், எனக்கும் விளங்கும்படி சொல்" என்று கேளுங்கள். அவள் சொல்வது முழுதும் விளங்காவிட்டாலும், "விளங்கவில்லை, மறுபடி சொல்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அவ்வாறு கேட்பது வெட்கமன்று என்பதை அப்பிள்ளை உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். கருத்தரங்கில் அதே வாக்கியத்தைச் சொல்ல அதற்கு வாய் வரும்.

— ஒரு தோட்டத்துக் கிராணி